குடிசையும் நடந்தது

பம்பாய் டிராம்பே ஆபீஸில் பேராச்சிக்கு வேலை, மிஷினின் கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போடுவது. டெம்பரரி. வருஷக் கடைசியில் நீட்டிப்பதும் அனுப்புவதும் வேங்கடசுப்ரமணியன் சார் கையில். தென்துருவத்துப் பனிப்பாளத்தில் ஒரு வெளிநாட்டுக் குழு நட்ட பதினெட்டுக் கழிகள் ஒரு வருஷத்தில் எவ்வளவு நகர்ந்தன என்ற குறிப்பேடு, 1964இல் அவள் மேஜைக்கு வந்தது.

கழிகள் நகர்ந்தது பத்து மீட்டர், பன்னிரண்டு மீட்டர். சாருடைய சமன்பாடோ, பனியின் கனத்தையும் சரிவையும் போட்டால் நானூறு என்றது. சார் அசரவில்லை. பனி நினைத்ததைவிட இறுக்கம் போல, இறுக்கத்துக்கான எண்ணை ஏற்றினால் விடை பத்துக்கு இறங்கிவிடும் என்றார். வெள்ளிக்கிழமை இந்தக் கணக்கின் அட்டவணை தபாலில் போக வேண்டும்.

பேராச்சிக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. எங்கே நின்று அளந்தார்கள் என்று முதல் பக்கத்தைப் புரட்டினாள். முகாம் குடிசை வாசலில். குடிசை எதன் மேல்? அதே பனியின் மேல்.

அவளுக்கு முகம் சுட்டது. போன மழைக்கு முன்னால், தாராவியில் தங்கள் வரிசை சேற்றுப்பக்கம் சரிகிறது என்று பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் சொன்னபோது, பி.எஸ்ஸி. படித்த திமிரில் அதே வரிசைக் காசிம் பாய் வாசற்படியிலிருந்து கயிறு பிடித்து அளந்து, ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்று அடித்துச் சொன்னவள் அவள்தான். மழையில் சுவர் விழுந்ததும் முப்பிடாதியம்மாள் சும்மா விடவில்லை.

"ஏட்டி, காசிம் பாய் வீடும் சேந்துல்லா நடந்திருக்கு. ஒன் கயிறு என்னத்தச் சொல்லும்?"

குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில், முதல் வாரமும் கடைசி வாரமும் நட்சத்திரம் பார்த்துக் குடிசை இருந்த இடத்தைக் குறித்திருந்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்றை யாரும் கழித்துப் பார்க்கவில்லை. பேராச்சி இரண்டு நாள் கைப்பிடி சுற்றினாள். குடிசை வடக்கே முந்நூற்றெண்பது மீட்டர் நடந்திருந்தது.

சார் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"உன்னைக் கூட்டச் சொன்னேனே ஒழிய யோசிக்கச் சொல்லலையேம்மா," என்றார். நட்சத்திரக் கணக்கில் ஐம்பது மீட்டர் பிசகலாம் என்றும் சொன்னார். ஐம்பது பிசகினாலும் பத்து ஆகாது என்றாள் அவள். பழைய அட்டவணையில் 'சரிபார்த்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போடவும் மாட்டாளாம். டெம்பரரி என்பதை அவர் ஞாபகப்படுத்தினார். மறக்கவில்லை என்றாள்.

அவர் பென்சிலை எடுத்துத் தானே ஒருமுறை கழித்துப் பார்த்தார். கழிகளின் பத்தையும் கூட்டினால் நானூறை ஒட்டி வந்தது; இறுக்கத்தின் எண்ணைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

"தப்பா இருந்தா யார் பேர் கெடும்?"

"என் பேரப் போடுங்க சார். முழுசா போடுங்க."

புதிய தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். வேலை நீடிக்குமா என்பது வருஷக் கடைசியில்தான் தெரியும். கட்டத்தில் பூ. பேராச்சி என்று மையால் எழுதிவிட்டு, முதல் கழிக்குக் கைப்பிடியைப் பிடித்தாள்.