நாலுகால் பின்னல்

எழுபதாம் வருஷத்துச் சித்திரையில் பிறந்த தமிழ் வருஷத்துக்குச் சாதாரண என்று பேர். என்னத்தைச் சாதாரணத்தைக் கண்டானோ, அந்தப் பஞ்சாங்கக்காரன் என் வீட்டில் ஒருநாள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நான் வீரையாவுக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் சின்னத்தாயி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் பெற்ற முத்தழகுக்கு அந்தச் சித்திரையில் ஐந்து வயது. நான் அமராவதிபுதூருக்கு வாழ வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பிள்ளை என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் முந்தானையைப் பிடித்து இழுக்கும். போன வருஷப் பிறப்பன்று, வருஷம் முடிவதற்குள் 'அம்மா' என்று கூப்பிட வைக்கிறேனா இல்லையா பார் என்று சபதம் போட்டேன். கிழித்தேன்.

அதனால் இந்த முறை குன்றக்குடி மலையில் முருகன் முன்னால் சின்னதாக ஒன்று நினைத்துக்கொண்டேன். தினமும் அவளுக்கு நான் தலை சீவிவிட வேண்டும். இதுகூடவா முடியாது?

மறுநாள் வீரையா செக்காலை ரோட்டில் இருக்கும் கடைக்கு வேலைக்குக் கிளம்பியதும், எண்ணெய்க் கிண்ணத்தையும் சீப்பையும் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிட்டேன். வந்தாள். தலை ஏற்கெனவே எண்ணெய் மினுங்கச் சீவிப் பின்னியிருந்தது. அதுவும் நாலுகால் பின்னல். எனக்கு மூன்றுகால் பின்னல்தான் வரும். வீரையாவுக்குத் தன் தலையையே ஒழுங்காகச் சீவத் தெரியாது. வீட்டில் வேறு ஆளும் இல்லை.

"யாருடி பின்னிவிட்டா?"

பிள்ளை சாமி அறைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே உத்தரத்தில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கும். சின்னத்தாயிக்கு வருஷா வருஷம் படைக்கிற சேலை அதில்தான் இருக்கும்.

சாயங்காலம் சோறு போடும்போது வீரையாவிடம் சொன்னேன். அவர் பிள்ளையின் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"இந்தப் பின்னல் சின்னத்தாயிக்குத்தான் வரும், அவ தலையிலயும் இதத்தான் போட்டுக்குவா. நீயே பின்னிவிட்டுட்டு என்கிட்ட வெளையாடுறியா?"

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாருங்க!"

அதன்பிறகு தினமும் கோழி கூவும்போதே எழுந்தேன். தினமும் சின்னத்தாயி முந்திக்கொண்டாள். ஒருநாள் பிள்ளையைக் கண்ணை விட்டு அகலவிடாமல் அடுப்படியில் என் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தேன். பொங்கின பாலை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன், பின்னல் முடிந்திருக்கிறது. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

அன்று உச்சிப்பொழுதில், பிள்ளை பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனதும், ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினேன். சேலை மடிப்புக்குள் ஒரு மரச்சீப்பு இருந்தது. அதன் பல்லில் எண்ணெய் ஈரம் காயவில்லை. சின்னப் பிள்ளை முடி இரண்டு சிக்கியிருந்தது.

"அக்கா, செத்தும் ஒரு வேலைய விட்டுத்தர மாட்டீகளா?" என்று கேட்டேன். "சோறு பொங்கிப் போடுறது நான். மூக்குச் சிந்தி விடுறது நான். காய்ச்சல்னா கண்ணு முழிக்கிறதும் நான்தான். ஒத்தை வார்த்தைக்கு நாயா ஏங்கிக் கெடக்கேன். சரி, தலைய நீங்களே சீவிக்கங்க. பிள்ளைய மட்டும் அங்குட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிராதீக."

என் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துச் சேலைமேல் வைத்து, பெட்டியைப் பழையபடி கட்டித் தொங்கவிட்டேன். அழுத அசதியில் அங்கேயே தரையில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தவள், தூங்கிப்போனேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உச்சந்தலை குளிர்ந்திருந்தது. மல்லிகை வாசம் வந்தது. கையைப் பின்னால் கொண்டுபோனேன். இறுக்கமான பின்னல். விரலால் தடவிப் பார்த்தேன், நாலு கால். அதன்மேல் நான் பெட்டிக்குள் வைத்த சரம்.

அலறத்தான் நினைத்தேன்.

அதற்குள் வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. முத்தழகு விளையாடிவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய சின்னக் கை, என் பின்னலை உச்சியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தடவியது.

"அம்மா" என்றாள்.

என் முகத்தைப் பார்த்தால் பிள்ளை ஏமாந்துபோவாளே என்று இருந்தது. சுவரைப் பார்த்தபடியே, "என்னத்தா?" என்று கேட்டேன்.