நீலக் காது

எலிக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி சொல்லும். அதற்கு முன்பே எறும்பு சொல்லிவிடும். கூண்டுக்கடியில் இருக்கும் மூத்திரத் தட்டை எங்கே ஒளித்து வைத்தாலும் வரிசையாக வந்துவிடும். ஒருமுறை அந்த வரிசை மாடிப்படி இறங்கிக் கேட் வரை நீண்டுவிட, காவலாளி அதை மிதிக்க மனமில்லாமல் மதியம் வரை தெருவிலேயே நின்றார். எலிகளைப் பார்த்துக்கொள்ளும் எலிக்காரர் வீட்டுக் கழிப்பறையிலும் அதே எறும்புகள்தான். அவருக்கும் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இடதுகால் பெருவிரல் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அவருக்கு அந்த வேலையைப் போட்டுக் கொடுத்தவர் தங்கையின் கணவர், அறுவை மருத்துவர். சாப்பாடு குடலின் முன்பகுதியைத் தொடாமல் குறுக்குவழியில் போகும்படி எலியின் வயிற்றை மாற்றித் தைப்பார். அந்த எலிகளுக்குக் காதில் சிவப்பு மை. இன்னும் சில எலிகளைச் சும்மா கிழித்துச் சும்மா தைப்பார். அவற்றுக்கு நீல மை. வயிறு சுருங்கிய சிவப்புக்கு அரைத்தீனிதான் இறங்கும். ஆகவே நீலத்துக்கும் அரைத்தீனிதான். அப்படியும் சிவப்புக்கு மட்டும் சர்க்கரை குறைந்தால், குணப்படுத்தியது பட்டினி இல்லை, கத்தி என்று ஆகும்.

நீலக்காதுகள் கூண்டுக் கம்பியைக் கடித்தபடி எலிக்காரரையே பார்க்கும். வெட்டுப்பட்டதும் மிச்சம், பசியும் மிச்சம். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆள் இல்லாத சமயம் பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி கூடப் போட்டுவிடுவார்.

பன்னிரண்டாம் வாரம் எல்லாம் கச்சிதமாக அமைந்தது. சிவப்புப் பக்கம் ஓர் எறும்பு இல்லை. நீலப் பக்கம் ஊர்வலம். மருத்துவரின் புகழ் கடல் தாண்டிப் போனது. பிறகு கணையத்தை எடுத்துப் பார்ப்பதற்காக எல்லா எலிகளையும் கொன்றார்கள். எலிக்காரர்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார்.

மறுநாள் மருத்துவர் முன்னால் செருப்பைக் கழற்றி விரலைக் காட்டினார்.

"மாப்ளே, எலிக்குப் பண்ணினதை எனக்கும் பண்ணி விடுங்க."

அடுத்து மனிதர்கள்தான், முதலில் இரண்டே பேர், யாருக்கு எது என்று சொல்ல மாட்டோம் என்றார் மருத்துவர். சொந்த மச்சானுக்கு எதைச் செய்வார் என்று தெரியாதா என்ற தைரியத்தில் எலிக்காரர் கையெழுத்துப் போட்டார். இன்னொருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்.

மயக்கம் தெளிந்து முகம் கழுவப் போன எலிக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் மருத்துவர் காதில் மை வைத்திருந்தார். நீலம். பக்கத்துக் கட்டிலில் ஓட்டுநர் சிவப்புக் காதோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாடு தங்கை கொண்டுவந்தாள். அரைத்தட்டு. இன்னொரு கரண்டி கேட்டதற்கு, "தராசுல நிறுத்துத்தான் கொண்டு வந்தேண்ணா, அவர் திட்டுவாரு" என்றாள். அவளுக்கு எலிக்காரர் மனசு இல்லை. தட்டு காலியாகும் வரை நின்று பார்த்துவிட்டுப் போவாள். எலிக்காரர் ஒருநாள் கட்டில் கம்பியைக் கடித்துப் பார்த்தார். எலிகள் அதில் என்ன ருசி கண்டன என்று விளங்கவில்லை.

ஆறாம் வாரம் அவருடைய மூத்திரக் குவளைக்கு எறும்பு வருவது நின்றது. விரலின் கறுப்பைச் சுற்றிப் புதுத்தோல் சிவந்தது. மருத்துவர் முழங்காலிட்டுக் கட்டிலுக்கடியில் எறும்பைத் தேடினார். எழுந்தபோது அவர் முகம் இழவு வீடாக இருந்தது. இரண்டு காதுக்கும் குணமானால் கத்திக்கு என்ன வேலை?

எலிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பிடி தீனி கூடப் போட்டதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

மருத்துவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தினார்.

"அது அன்னிக்கே தெரியும் மச்சான். தீனி மூட்டை சீக்கிரமே தீர்ந்துடுச்சே."

மறுநாள் மாமியார் வீட்டுக்கு வரும் மருமகன்போலக் கை நிறைய இனிப்பு பிஸ்கட்டோடு வந்தார்.

"பாவம், பசியில கெடக்கீங்க. சாப்பிடுங்க. யாருக்கும் சொல்ல வேணாம்."

"விரல் போயிடும் மாப்ளே."

"போனா விரல்தானே. பன்னிரண்டாம் வாரம் எலிக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

எலிக்காரர் விரலைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். ஆறு வாரப் பசி. கை தானாகப் போனது. தங்கையைப் போலவே மருத்துவரும் பொட்டலம் காலியாகும் வரை நின்று பார்த்தார்.

மூன்றாம் நாள் ஓர் எறும்பு வந்தது. குவளையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிடப் போனது.