பொய்ப்பல் கட்டிய அரசர்

எவாசியோ மேல்வரிசைக்குப் பொய்ப்பல் கட்டிக்கொள்ளப் போன காலையில்தான் ஒத்தாவியா அந்த நீலத் தபால்தலையைத் திருடினாள். தானே வாங்கிக் கொடுத்ததைத் தன் வீட்டு அலமாரியிலிருந்து எடுப்பது திருட்டாகாதுதான். ஆனால் கணவன் தெரு முனை திரும்பும்வரை ஜன்னலோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள்.

இத்தாலி ஒன்றுபட்டு நூற்றைம்பது வருடமாகிறதென்று காசாலே ஊரின் தபால்தலைச் சங்கம் கண்காட்சி வைக்கிறது. முதல் அரசர் காலத்துத் தபால்தலைகளை எல்லாரும் கொண்டுவர வேண்டும். எவாசியோ ஆல்பம் ஆல்பமாக எடுத்து வைத்தான். தங்கள் நிச்சயதார்த்தத்துக்கு அவள் டூரினில் தேடி வாங்கித் தந்த இந்த நீலத் தபால்தலையை மட்டும் வைக்கவில்லை.

"வெளிச்சம் பட்டா நீலம் வெளுத்திடும்" என்றான்.

மற்ற நீலங்கள் வெளுக்காதா? அந்தக் கேள்வி மூன்று வேளைச் சாப்பாட்டிலும் அவளோடு உட்கார்ந்திருந்தது. கடைசியில் அது இருந்த உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சங்கத்துக்கு நடந்தாள்.

சங்கத்தின் அறை காப்பிக்கடைக்கு மேல்மாடியில். தலைவர் தெல்ஃபீனோ, மருந்துக்கடையை மூடிவிட்டு ஓய்வாக இருப்பவர். எவாசியோவுக்குச் சீட்டாட்டத்தில் கூட்டாளி, மற்ற எல்லாவற்றிலும் போட்டியாளர்.

"என்ன ஒத்தாவியா, அவனை விட்டுட்டு என்கிட்ட வந்துட்டியா? ரொம்ப லேட்டும்மா."

"உன் மூஞ்சிக்குப் பல்லில்லாத அவனே தேவலை. இதைப் பார்த்துச் சொல்லு. எதனால இதை வெளியே காட்ட மாட்டேங்கறான்?"

தெல்ஃபீனோ இடுக்கியால் தபால்தலையைத் தூக்கி விளக்கடியில் பிடித்தார். நீலச் சட்டத்தின் நடுவே, மை படாத வெள்ளைத் தாளில், அரசரின் தலை புடைத்து நின்றது. சட்டத்தை முதலில் அச்சடித்துவிட்டுத் தலையைப் பிறகு தனியாக அழுத்தியிருப்பார்கள். அவசரத்தில் சில தாள்களில் அரசரைத் தலைகீழாகவே அழுத்திவிட்டதும் உண்டு. இவர் நேராகத்தான் இருந்தார். தெல்ஃபீனோ அவரைப் பார்க்கவே இல்லை. கிழித்தெடுக்கப் போட்ட துளைகளால் ஓரத்தில் உண்டான பற்களைத்தான் பார்த்தார். இந்தத் தபால்தலை முதலில் துளையில்லாமல் வந்தது. தபாலாபீஸில் கத்தரியால் வெட்டிக் கொடுத்தார்கள். அது இன்றைக்கும் எங்கும் கிடைக்கிறது. 1862இல் அதே படத்துக்கு, அதே நீலத்துக்கு, துளை போட்டு வெளியிட்டார்கள். அரிதானது அதுதான். முகம் ஒன்றே, பல்தான் வித்தியாசம்.

லென்ஸைக் கண்ணில் பொருத்திய தெல்ஃபீனோ சிரிக்க ஆரம்பித்தார்.

"அட! ராஜாவும் உன் புருஷன் மாதிரி பொய்ப்பல்லு கட்டியிருக்காரே!"

"விளையாடாத."

"நீயே பாரு. துளை போட்டப்புறம் தபாலாபீஸ் முத்திரை குத்தினா, மை துளையோட விளிம்புல ஊறி இறங்கும். இங்க மை வெட்டுப்பட்டு நிக்குது. முத்திரை விழுந்து ரொம்ப நாள் கழிச்சு எவனோ உக்காந்து துளை போட்டிருக்கான். அதுவும் எவ்வளவு வரிசையா! நிஜப் பல்லு கோணல்மாணலாத்தான் இருக்கும். உன்னை நல்லா ஏமாத்திட்டான் டூரின்காரன்."

சிரித்துக்கொண்டே திருப்பினார். சிரிப்பு நின்றது.

பின்பக்கம், வலது கீழ்மூலையில், பென்சிலில் சிறிய எழுத்து: எ. கோப்போ.

கணவனின் கையெழுத்து. அதற்கு என்ன அர்த்தமென்று ஒத்தாவியாவுக்குத் தெரியும். எவாசியோ பார்த்து உண்மையென்று தேறிய தபால்தலைக்குக் கீழ்மூலையில் பெயர் எழுதுவான். ஒட்டுப்போட்டுச் சரிசெய்ததென்றால் பெயர் மேலே ஏறிவிடும். போலிக்குப் பெயரே கிடையாது. அந்தப் பென்சில் பெயரை நம்பி மிலானிலிருந்துகூட ஆட்கள் வாங்கினார்கள். நிச்சயதார்த்தத்தன்று அவள்தான் கேட்டாள், இதுக்கும் கையெழுத்துப் போடேன் என்று. அவன் லென்ஸோடு வெகுநேரம் குனிந்திருந்தான். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒருவேளை தெரியாம..."

"இதை எவாசியோவா? இருட்டுல தடவியே சொல்லிடுவான்." தெல்ஃபீனோ குரலைத் தாழ்த்தினார். "இது ஒண்ணு வெளியே வந்தா, அவன் கையெழுத்துப் போட்டதையெல்லாம் ஊரே திருப்பிப் பார்க்கும்."

மேஜை இழுப்பறையிலிருந்து மெத்தென்ற ரப்பர் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நான் எதையும் பார்க்கலை. ஆனா பேரு அழிஞ்சாகணும். நாமெல்லாம் போனப்புறம் இதை நம்பி எவனாவது ஏமாறக் கூடாது."

எவாசியோ வீடு திரும்பியபோது உதடு மரத்து ஒருபக்கம் தொங்கியது. புதுப் பல் வாய்க்குள் யாரோ விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தது. ஒத்தாவியா ரவைக்கஞ்சியை அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் தபால்தலையைக் கவிழ்த்து வைத்தாள். அதன் பக்கத்தில் ரப்பர்.

அவன் கரண்டியை எடுக்கவில்லை.

"தெல்ஃபீனோ பார்த்தானா?"

"பார்த்தான்."

"சிரிச்சானா?"

"முன்பக்கம் பார்த்துச் சிரிச்சான்."

அவன் தலையாட்டினான். உதட்டோரம் வழிந்த எச்சிலை அவள் துடைத்துவிட்டாள்.

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"நீ பக்கத்துல நின்னுக்கிட்டிருந்த. மூச்சே விடாம."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே! வேற ஒண்ணு வாங்கிக் கொடுத்திருப்பேன்."

"வேற ஒண்ணு எனக்கு எதுக்கு?"

ரப்பரை எடுத்தான். எத்தனையோ தபால்தலைகளின் அழுக்கை அரசர் தலை நசுங்காமல் துடைத்த கை அது. ஒரே தேய்ப்பில் போய்விடும். ரப்பரின் முனை பென்சில் எழுத்தைத் தொட்டது. ஒத்தாவியா தான் இப்போதும் மூச்சு விடாமல் நிற்பதை உணர்ந்தாள்.

"நிறுத்து" என்றாள்.

"அழிக்கலைன்னா பொய் கண்டவன் கைக்குப் போகும்டி."

"வெளிச்சம் பட்டா நீலம் வெளுக்கும்னுதானே சொன்ன? கவுத்து வை. கண்காட்சியில கவுத்து வை."

அவன் அவளையே பார்த்தான். ரப்பரைக் கஞ்சிக் கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "ஒரு அட்டை எடு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசை வரிசையாக அரசரின் முகங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் பழுத்த வெள்ளை முதுகு. அதன் கீழ் எவாசியோவின் கையெழுத்தில் ஓர் அட்டை:

"20 சென்டெசிமி, நீலம். துளைகள் போலி. கையெழுத்து உண்மை."

மிலானிலிருந்து வந்தவர் ஒருவர் அதைப் படித்தார். நிமிர்ந்து எவாசியோவைப் பார்த்தார். மறுபடி படித்தார். தன் கையிலிருந்த ஆல்பத்தைத் திறந்து, ஒரு தபால்தலையை இடுக்கியால் மெல்லத் திருப்பினார். எவாசியோ புதுப் பற்களை இறுக மூடிக்கொண்டு நின்றான். ஒத்தாவியா அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெல்ஃபீனோ கண்ணாடியின்மேல் மூக்கு இடிக்கக் குனிந்தார். அவருடைய மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்தது. தபால்தலையும் அட்டையும் மறைந்துபோயின. அவர் துடைக்கவில்லை. பூத்தது ஓரத்திலிருந்து மெல்லக் கரைய, முதலில் வரிசையான பற்கள் தெரிந்தன, பிறகு அந்தப் பென்சில் பெயர்.