கசந்த ஸெல்லூ

எங்கள் மெக்னெஸ் நகரத்து ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். இடிக்கட்டும், சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கிடந்தது. ஆனால் கீழ்த்தளத்தில் கடைசியாக இருந்த என் அறையும் அதோடு போயிருக்கும் என்று நினைத்ததும், எழுபத்து மூன்று வயதில் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

முதலில் அது படுக்கை விரிப்புகளை அடுக்கிவைக்கும் அறை. புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளராக இருந்த என்னை அங்கே உட்காரவைத்தவர் டாக்டர் ஸ்கல்லி. நோயாளிகள் நாட்டு மருந்து சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் டாக்டர்கள் கத்துவார்கள். கத்துவார்கள் என்பதால் நோயாளிகள் மறைப்பார்கள். "பத்தூல், உனக்கு வாய் நீளம்தான். ஆனா சனங்க உன்கிட்டதான் பேசுறாங்க. கீமோவோட எதைச் சேர்க்கலாம், எது ஆகாதுன்னு உட்கார்ந்து எடுத்துச் சொல்லு," என்றார். பன்னிரண்டு வருஷம் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை யாரும் உச்சரிக்கமாட்டார்கள். 'அந்தப் பொல்லாத நோய்' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். என் மேஜைமேல் பையைக் கவிழ்க்கும்போது மட்டும் குரல் ஏறும். கருஞ்சீரகம், ஆலிவ் இலை, கள்ளிப்பூத் தேன், யாருடைய மச்சானோ பாலைவனத்திலிருந்து கொண்டுவந்த ஒட்டகப் பால். சிலதைச் சாப்பிடலாம் என்பேன். சிலதை மருந்து ஏற்றும் வாரத்தில் தொடவேண்டாம் என்பேன். சிலது நேராக என் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அப்படி அதிகம் பூட்டியது பர்ரஸ்தம் என்ற வேர். அந்த நோய்க்கு அதுதான் கைகண்ட மருந்து என்று ஊரே சொல்லும். உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். ஒருமுறை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். எதை வேண்டாம் என்கிறேனோ அது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டாமா? மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நாக்கை விடாத கசப்பு.

அந்த அறையின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. பாதி பிளீச்சிங் பவுடர், பாதி சீரகம். புதுக் கட்டடத்தில் எல்லாக் கேள்வியையும் கேட்டுக் கணினியில் நிரப்புகிறார்களாம். நல்ல பிள்ளைகள்தான். இருந்தாலும் எனக்கு எரிச்சல் வரத்தான் செய்கிறது.

இத்தோ வந்தது இருபது வருஷத்துக்கு முன்னால், ஒரு வசந்த காலத்தில். அஸ்ரூ மலைப்பக்கத்துப் பெண், என் வயதுக்காரி, பள்ளி விடுதி ஒன்றில் சமையல்காரி. சூலகத்தில் கட்டி. வெட்டி எடுத்தாகிவிட்டது, ஆறு தவணை கீமோ ஏற்ற வேண்டும். கூடவே வந்தவர் கணவர் பென்னாசர். ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். என் அறைக்குள் நுழைந்ததும், நான் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்களை 'லல்லா' என்றும் ஆண்களை 'ஸி' என்றும் சேர்த்துக் கூப்பிடுவோம்.

"லல்லா இத்தோ, வேர், இலை, பொடி, கஷாயம், ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணுமில்லை."

"பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது குடுத்தாங்களா?"

"எம் பக்கத்து வீட்டுக்காரி உப்பையே எங்கிட்டதான் ஓசி வாங்குறா. அவளா மருந்து குடுக்கப் போறா?"

பென்னாசர் குறுக்கே வந்தார். "மூலிகையெல்லாம் படிக்காத சனங்களுக்கு, அம்மா. எங்க வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது."

இப்படி ஒரு கணவனா என்று சந்தோஷப்பட்டு, 'எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டேன். மூன்று தவணை முடிந்தது. முடி கொட்டியது, வாந்தி எடுத்தாள். ஆனாலும் மூன்று முறையும் என் அறையை எட்டிப் பார்த்து, "என்ன, இன்னிக்கு யார் பையைப் பிடுங்கினீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அவள் வரும் நாளுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன்.

நாலாவது தவணைக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் இரண்டு மடங்காக ஏறியிருந்தது. டாக்டர் ஸ்கல்லி என்னைக் கூப்பிட்டார். "கீமோவாலயும் ஏறும். ஆனா இவ்வளவு வேகமா ஏறாது. நீ விசாரி. இன்னும் ஏறினா நிறுத்த வேண்டியதுதான்." மிச்சம் மூன்று தவணையும் நின்றுபோனால், போன கட்டி திரும்பி வர வழி பார்க்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இத்தோவை உட்காரவைத்து மறுபடி கேட்டேன். பென்னாசர் பரிசோதனைத் தாளில் முத்திரை வாங்க மாடிக்குப் போயிருந்தார்.

"ரொட்டி மேல சத்தியமா, நானா எந்த மூலிகையும் தேடிச் சாப்பிடலை," என்றாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு கண்ணாடி டப்பாவை எடுத்துத் திறந்து என் பக்கம் நீட்டினாள். "ஸெல்லூ. எடுத்துக்குங்க, பசியா இருப்பீங்க."

வறுத்த மாவு, பாதாம், எள், தேன். ஸெல்லூ என்றால் எனக்கு உயிர். ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டேன். முதலில் தேன் இனித்தது, அப்புறம் கருகிய மாவு. அதற்கும் அப்புறம் நாக்கின் அடியில் அது வந்து பிடித்துக்கொண்டது. பர்ரஸ்தம்.

அந்த நேரம் பார்த்து பென்னாசர் உள்ளே வந்தார்.

"யார் செஞ்சது இது?" என்றேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார். "நான்தான்."

"மூலிகை படிக்காதவங்களுக்குன்னு சொன்ன வாய்தான இது? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதையா வேரைப் பொடிச்சு ஸெல்லூவுல மறைச்சீங்களா? உங்க பொண்டாட்டி சிறுநீரகத்தை நீங்களே கெடுத்துட்டிருக்கீங்க! கலந்தது போதும். இனிமே அவங்க தட்டுப் பக்கம் உங்க கை போகக் கூடாது!"

இரண்டு நர்சுகள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். பென்னாசர் முத்திரை போட்ட தாளை என் மேஜைமேல் வைத்தார். அதன் ஓரத்தை மேஜை ஓரத்தோடு நேராக்கினார். வெளியே போய்விட்டார்.

இத்தோ டப்பாவை மூடினாள். "கத்தி முடிச்சாச்சா, லல்லா பத்தூல்?" என்று கேட்டுவிட்டு அவளும் எழுந்து போனாள்.

வேர் நின்றது. ஐந்து வாரத்தில் கிரியாட்டினின் இறங்கியது. பழைய இடத்துக்குப் போகவில்லை, ஆனால் மருந்தின் அளவைக் குறைத்துத் தொடரலாம் என்றார் டாக்டர் ஸ்கல்லி. ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். நானே போய் அவள் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர நாற்காலியைப் பிடித்துவைத்தேன். அவள் வரவில்லை.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"வரமாட்டேன்," என்றாள் இத்தோ.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன, இருக்கு. இந்த மனுசன்தான் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி எடுத்துத் தரமாட்டேங்குறான். அவன் கை பட்டா விஷமாயிடுமாம். முன் அறையில விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கான். சாப்பாட்டுக்குக்கூட எங்கூட உட்காரலை. நீங்கதான வெளியே தள்ளினீங்க? நீங்களே உள்ளே கூட்டிட்டு வாங்க. அவன் பக்கத்துல இல்லாம அந்த நாற்காலியில நான் உட்கார மாட்டேன்."

"லல்லா இத்தோ, இது உயிர் விஷயம்."

"எனக்குத் தெரியாதா? என் உயிர்தான?" என்று வைத்துவிட்டாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு இன்னும் மட்டு. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் என்னை ரொம்ப நாள் நிமிர்ந்து நடக்கவைத்தது. அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த நிமிர்வெல்லாம் போய்விட்டது. அந்தப் பெண் செத்துப்போனால் அதற்கு வேர் பாதி, என் நாக்கு பாதி என்று தோன்றியது.

வியாழக்கிழமை மத்தியானம் டாக்டரிடம் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொண்டு, சந்தையில் இஞ்சி வாங்கிக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். பென்னாசர்தான் கதவைத் திறந்தார். முன் அறையில் உட்காரச் சொன்னார். எங்கள் ஊரில் சண்டைக்காரன் வந்தாலும் தேநீர் வரும். அன்றைக்கு வரவில்லை. தட்டும் கிளாஸ்களும் அலமாரியில் கவிழ்ந்தே இருந்தன.

"மன்னிச்சுக்குங்க. நான் யாருக்கும் எதையும் ஊத்திக் குடுக்கிறதில்லை," என்றார்.

"மன்னிப்புக் கேட்க வந்தவ நான், ஸி பென்னாசர். நாலு பேர் முன்னால அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ சிறுநீரகம் கெட்டதுல எவ்வளவு என்னால?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "கொஞ்சம் கீமோவால, கொஞ்சம் வேரால. எது எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது," என்றேன்.

தலையை ஆட்டினார். "முப்பது வருஷம் ரயில்ல ஒருத்தன் பேச்சையும் நம்பினதில்லை. டிக்கெட்டைக் காட்டுன்னுதான் கேட்டிருக்கேன். அவ தலைமுடி சீப்போட வந்த அன்னிக்கு வேர் விக்கிறவன் ஒருத்தன்கிட்டப் போனேன். அவன் சொன்னதையெல்லாம் நம்பினேன். ஒரு கேள்வி கேக்கலை." அலமாரியில் கவிழ்ந்திருந்த கிளாஸ்களைப் பார்த்தார். "அவளுக்குத் தெரியாம ஊட்டினேனே, அதான் உறுத்துது. அவ என்னை நம்பித் தின்னா."

நான் இஞ்சியை எடுத்து வைத்தேன். "கீமோ ஏத்தின அப்புறம் மூணு நாள் அவங்களால எதையும் வாயில வைக்க முடியலை. சமையலறை வாசனையே ஆகலை. இது நோயைத் தீர்க்காது, அதைத் தெளிவாச் சொல்லிடுறேன். சிலருக்கு வாந்தியைக் கொஞ்சம் அடக்கும். டாக்டர் சரின்னுட்டார். தோலைச் சீவி, மெல்லிசா நாலு துண்டு, கொதிக்கிற தண்ணி. போட்டுத் தர ஒரு ஆள் வேணும்."

"என் கையை நானே நம்பலை."

"நான் நம்புறேன். போட்டுக் கொண்டுவாங்க, முதல் கிளாஸ் எனக்கு."

இஞ்சியைக் கையில் எடுத்தார். எழுந்து சமையலறைக்குப் போனார். கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. நாலு துண்டுக்கு இவ்வளவு நேரமா என்று நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை. இரண்டு கிளாஸோடு வந்தார். ஒன்றை வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்க, நாக்கு சுட்டாலும் பரவாயில்லை என்று பாதி குடித்தேன்.

சத்தம் கேட்டு இத்தோ சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளிருந்து வந்தாள். மெலிந்து போயிருந்தாள். இன்னொரு கிளாஸைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் கொடுக்காமல் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம். உன்னை ஏமாத்தி ஊட்டினவன் நான்."

"இங்க யார் ஏமாந்தா?" என்றாள் இத்தோ. "அறுநூறு பிள்ளைங்களுக்குப் பருப்பு கடைஞ்ச நாக்கு இது. முதல் நாள், முதல் கரண்டியிலயே தெரியும். மாவையும் கருக்கி வெச்சிருந்தே."

பென்னாசர் அவளையே பார்த்தார். அப்புறம் ஐந்து வாரமாக அடைத்துக் கிடந்த குரல் வெடித்தது. "தெரிஞ்சேவா? தெரிஞ்சே ரெண்டு மாசம் தின்னியா? துப்ப வேண்டியதுதான! எம் மூஞ்சியிலயே துப்பியிருக்கலாமே!"

"எப்படிய்யா துப்புறது? முப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா எனக்காக அடுப்பு பத்த வெச்சே!" அவளும் கத்தினாள். பிறகு என்னைக் கையால் காட்டி அவரிடமே சொன்னாள். "உன்னைக் காட்டிக் குடுக்க எனக்கு வாய் வரலைன்னுதான் டப்பாவை இவங்ககிட்ட நீட்டினேன். சத்தமில்லாம அலமாரியில பூட்டிடுவாங்கன்னு பார்த்தேன். ஊரைக் கூட்டுவாங்கன்னு கண்டேனா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பென்னாசர் கிளாஸோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எனக்காகவா தின்னே?" என்று மெதுவாகக் கேட்டார்.

இத்தோ அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆமான்னு சொன்னா உனக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா அது மட்டும் இல்லை. ஒருவேளை கேட்டுடும்னு நானும் நினைச்சேன். எனக்குச் சாகப் பயமா இருக்கு, பென்னாசர்."

அந்த அறையில் எத்தனை பைகளைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன், எத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன். பயமா இருக்கா என்று அதுவரை ஒருவரையும் நான் கேட்டதில்லை.

"எனக்கும்தான்," என்றார் அவர்.

இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இத்தோ அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"ஆறிப்போச்சு," என்றாள்.

"இரு, வேற போட்டுக் கொண்டாறேன்," என்று அவர் எழுந்து சமையலறைக்குப் போனார்.

திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள்.