அம்மாவுக்குப் பின்னால் வெள்ளைத் துணிகள்

அம்மா இறந்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கவேண்டியிருந்தது. அதற்கு ஒரு படம் வேண்டும். படங்களுக்குக் குறைவில்லை. எல்லாம் ஊருக்கு அனுப்புவதற்கென்றே எடுத்தவை. யாரோ ஒருவரின் பென்ஸ் காரில் கை வைத்தபடி அம்மா, டுசல்டோர்ஃப் பூங்காவில் இரவல் கோட்டோடு அம்மா. ஒன்றில்கூட அவள் அவளாக இல்லை.

உண்மையான படம் ஒன்றுதான். நான் எடுத்தது. வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில்தான் அம்மாவுக்கு வேலை. ஒரு கோடையில் உலர்த்தும் இயந்திரம் பழுதாகிவிட, கட்டில் விரிப்புகளைப் பின்பக்கப் புல்சரிவில் விரித்துக் காயவிட்டாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு விரிப்பின் முனையைப் பிடித்தபடி சிரிக்கிறாள்.

"இது வேண்டாம்," என்றார் அப்பா. "பின்னால துணி கிடக்கு."

"கிடந்தா என்ன?"

"உனக்குத் தெரியாதோ?"

தெரியும். ஊரில் எங்கள் ஆட்கள் மற்றவர்களின் துணி வெளுத்தவர்கள். மாதா கோயிலில்கூட நாங்கள் இருக்கக் கடைசி வாங்குதான். இங்கே ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து அப்பா அதை யாருக்கும் சொல்லவில்லை. செத்தவளையும் ஒளிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்டூடியோக்காரப் பரராசசிங்கம் கார்ப்படத்தில இருந்து அவவை மட்டும் வெட்டி, பின்னால நீர்வீழ்ச்சி வைச்சுத் தாறன் எண்டவர்."

"அம்மா எந்த நீர்வீழ்ச்சியப்பா பாத்தவ? அவ பாத்தது மெஷின்ர கண்ணாடிக்குள்ள சுத்தின தண்ணிதான்."

ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பாவை அருங்காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பல்கலைக்கழகத்தில் படித்தபோது அங்கே வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டும் வேலை பார்த்தேன். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று அப்பா சொல்லித் திரிகிறாரே, அந்தப் பட்டம் அப்படித்தான் வந்தது. இடைவேளைகளில் நான் போய்ப் பார்த்து நின்ற ஓவியம் ஒன்று மேல்மாடிக் கடைசி அறையில் இருக்கிறது.

"ஒல்லாந்தர் கீறினது," என்றேன். "முன்னூறு வருசமிருக்கும்."

"ஒல்லாந்தரோ? ஊரில எங்கட கோட்டையைக் கட்டினவங்கள்."

முக்கால்வாசியும் வானம். கீழே தட்டை நிலம். முன்பக்கப் புல்லில் நீள நீளமாக வெள்ளைத் துணி விரித்துக் கிடக்கிறது. மேகம் விலகி வெயில் விழுவது தூரத்துக் கோயில் கோபுரத்தில் இல்லை, அந்தத் துணியில். எறும்பளவில் நாலைந்து பேர் குனிந்து நிற்கிறார்கள்.

"இவை ஆர்?"

"துணி வெளுக்கிறவை."

அப்பா சட்டென்று சுற்றிப் பார்த்தார். அறையில் ஒரு ஜெர்மன் கிழவி மட்டும்தான் இருந்தாள்.

"இதை ஆர் வாங்கினது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"யாவாரியள். வீட்டு விறாந்தையில மாட்டி வைக்க."

"துணி காயிறதையோ?"

"துணி காயிறதைத்தான்."

அவர் நடுவிலிருந்த வாங்கில் இருந்துவிட்டார்.

"கொம்மா அந்தப் படம் எடுத்த அண்டைக்கு வீட்டை வந்து சொன்னவ," என்றார் பிறகு. "புல்லில காய்ஞ்ச விரிப்பு நல்ல வாசமாம். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், மெல்லக் கதை எண்டு நான் சொன்னனான்."

மறுநாள் பரராசசிங்கம் நான் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "துணியை எடுத்திட்டு வானத்தை மட்டும் விடட்டோ அண்ணை? வடிவாயிருக்கும்."

"வேண்டாம் தம்பி. துணி இருக்கட்டும்," என்றார் அப்பா.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் எல்லோருக்கும் அட்டை கொடுத்தோம். அப்பாவோடு வருடக்கணக்காகச் சீட்டாடுகிற ஜேசுரட்ணம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கை எடுத்தது?"

"அவ வேலை செய்த இடம்."

"என்ன வேலை?"

"வெளுக்கிற வேலை," என்றார் அப்பா. "ஊரிலயும் எங்களுக்கு அதுதான்."

ஜேசுரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். அட்டை கோப்பைக்கு அருகிலேயே கிடந்தது. அப்பா அதை எடுத்து, ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். என் பக்கம் நீட்டினார்.

"வெயில் வடிவாய் விழுந்திருக்கு, என்ன?"