பனிக்கட்டியின் மேல்புறம்

மார்கழி பிறந்துவிட்டால் சோழிங்கநல்லூர்ப் பக்கம் உயரமான கட்டடங்களிலிருந்து பனிக்கட்டி விழத் தொடங்கும். விழுந்து முடிய மாசி ஆகிவிடும். அது அவசரமில்லாமல்தான் விழும். கட்டடத்தை விட்டுக் கழன்றுகொள்ளும் நேரத்தில் நேர் கீழே யார் நிற்கிறாரோ அவர் மேல் விழும். அவர் நகர்ந்தால் அதுவும் நகரும். அவர் பஸ் ஏறித் தாம்பரம் போனால் அதுவும் மேலேயே தாம்பரம் போகும். கூரைக்குள் ஒளிந்துகொள்வதில் பயனில்லை. கூரை மேல் உட்கார்ந்து, கூரையையும் சேர்த்துக்கொண்டு விழும். அதனால் அந்த மாதங்களில் கட்டடங்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். ஜனங்களும் கயிற்றுக்கு வெளியே ஒதுங்கி நடப்பார்கள்.

அமலோற்பவம் கயிற்றுக்கு உள்ளே நின்றதற்கு அவள் தொழில்தான் காரணம். ஹமீது பாயின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள் அவள். முப்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை பார்க்கும் வாடிக்கையாளருக்குக் கண்ணாடி கொடுக்க வந்திருந்தாள். அவர் இறங்கி வருவதற்குள் கீறல் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கலாமென்று தோன்றியது. நல்ல வெளிச்சம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் விழுந்திருந்தது. அங்கே போய் நின்று, கையை நீட்டிக் கண்ணாடியை வானத்துக்குக் காட்டினாள். பவர் அதிகமான கண்ணாடி. தூரத்திலிருப்பதெல்லாம் அதில் தலைகீழாகத் தெரியும். கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பனிக்கட்டி பிரிந்து மேல் நோக்கிப் போவதை அவள் பார்த்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தபோது அது கீழ் நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது.

வாடிக்கையாளர் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"உங்க மேலதான் போலிருக்கே."

"ஆமா சார். காதுகிட்ட இறுக்குதான்னு போட்டுப் பாருங்க."

இறுக்கவில்லை என்று சொல்லி அவர் மேலே போய்விட்டார்.

வீட்டில் சேவியரிடம் சொன்னாள். சேவியர் அவள் கணவன். கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டர். நாளெல்லாம் மைதானத்தில் விசில் ஊதுபவனுக்கு வீட்டில் குரலே எழாது. எந்தக் கட்டடம், எத்தனை மாடி என்று கேட்டுக்கொண்டான். "அப்ப மாசி வரைக்கும் இருக்கு" என்றான். பிறகு சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

அவன் நினைத்துக்கொண்டிருந்தது யாரையென்று அவளுக்குத் தெரியும். முந்தைய வருடம் பள்ளிக்கரணையில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மேல் விழுந்தது. முதலில் தலைமுடி நனைந்தது. பிறகு கழுத்து குறுகியது. நாற்காலி கேட்டார், கொடுத்தார்கள். பாய் கேட்டார், விரித்தார்கள். மெதுவாக விழுகிறது என்பதற்காக எடை குறைந்துவிடுவதில்லை.

மார்கழி முழுக்க அமலோற்பவம் வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தாள். பனிக்கட்டி பீரோ அளவு இருந்தது. வெயில் நேரத்தில் அதன் நிழல் ரோட்டில் சாய்ந்து விழும். அந்த நிழலில் மட்டும் குளுகுளுவென்று இருக்கும். அந்த முப்பது மாடிக்கு எதிர் பஸ் ஸ்டாப்பில் பூ விற்கும் செல்லக்கிளி தன் கூடையை அந்த நிழலுக்குள் நகர்த்தி வைத்துக்கொள்வாள். "அக்கா, இந்த பஸ்ஸ விட்டுட்டு அடுத்ததுல போயேன். பூ வாடாம இருக்கும்" என்பாள். அமலோற்பவமும் சில நாள் நின்றிருக்கிறாள்.

கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் அவள் வாசலுக்கு வந்து, பரிசோதனைச் சட்டத்தில் ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். அடிப்புறம் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நீலம் கலந்த கலங்கல். நடுவில் சோடா பாட்டிலில் இருப்பதுபோலக் குமிழிகள். ஒரு ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு விரிசல். இவ்வளவு தெரிந்த பிறகு அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது. இதன் மேல்புறம் எப்படி இருக்கும்?

யார் மேல் விழுகிறதோ அவர் மேல்புறத்தைப் பார்த்ததே இல்லை. மாடியில் வேலை பார்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். கண் பரிசோதிக்க வருபவர்களிடம் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொண்டே கேட்டாள். ஒருவர் வெள்ளையாக இருக்கும் என்றார். அவருக்கு வெள்ளைக்கும் வெளிர் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது என்று அப்போதுதான் அவள் கண்டுபிடித்திருந்தாள். இன்னொருவர் தான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை என்றார்.

சேவியருக்கு வேறு யோசனை. ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றான்.

"நாம ரெண்டு பேரும் ஒட்டி நின்னா பாதி பாதி விழும்ல?"

"நீங்க என்னைவிட உயரம். முதல்ல உங்க தலையிலதான் இறங்கும்."

"அதத்தான் சொல்றேன்."

அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தாள். அன்று முழுக்க அவன் அவளோடு ஒட்டிக்கொண்டே நடந்தான். பனிக்கட்டி அவள் பக்கமாகத் துல்லியமாக நகர்ந்து கொடுத்தது. அவன் தோளில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

தை பிறந்து, பனிக்கட்டி வேப்ப மரங்களுக்குக் கொஞ்சம் மேலே வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா தயங்கித் தயங்கி, "மேல தளம் இப்பதான் புதுசாப் போட்டது..." என்று இழுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் அமலோற்பவம் சொன்னாள்.

"என்னங்க, அந்த முப்பது மாடிக்குப் போயிட்டு வரலாமா?"

"எதுக்கு?"

"இது இப்ப அஞ்சாவது மாடி உயரத்துல இருக்கு. ஆறாவது மாடியில நின்னா மேல்புறம் தெரியும்."

"பார்த்து?"

"பார்க்கணும். அவ்வளவுதான்."

சேவியர் பைக்கை எடுத்தான்.

கட்டடத்துக் காவலாளி பனிக்கட்டி உள்ளே வரக்கூடாது என்றார். அது வராது என்று அமலோற்பவம் சொன்னாள். அவள் படியேறத் தொடங்கியதும் அது சுவரோரமாக வந்து, வெளியே ஒட்டினாற்போல நின்றுகொண்டது. ஐந்தாவது மாடித் திருப்பத்தில் கதவளவு பெரிய ஜன்னல் இருந்தது. பனிக்கட்டி அதற்கு நேராக நின்றது. முதல் தடவையாக அவளும் அதுவும் ஒரே மட்டத்தில் இருந்தார்கள். பக்கவாட்டில் அது சாதாரணமாக, ஐஸ் ஃபேக்டரியில் கிடப்பதுபோல இருந்தது. அவள் அதிகம் நிற்கவில்லை.

ஆறாவது மாடியிலும் அதே மாதிரி ஜன்னல். அவள் குனிந்து பார்த்தாள்.

மேல்புறம் தட்டையாக இருந்தது. கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்து, கழன்றபோது புரண்டு மேலே வந்த பக்கம் அது. அதில் ஒரு கன்னத்தின் அச்சும், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கைகளின் அச்சும் பதிந்திருந்தன. உச்சி மாடியில் யாரோ வெகு நேரம் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் அந்த இடம் மட்டும் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது.

"யாரா இருக்கும்?" என்றான் சேவியர்.

"தெரியலை. இடது கன்னம்."

எதைப் பார்க்க இப்படி வைத்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள, அவளும் தன் இடது கன்னத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். கீழே ரோடு தெரிந்தது. கயிறு தெரிந்தது. பஸ் ஸ்டாப்பில் செல்லக்கிளி பூக்கூடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடியில் ஆள் இல்லாத பனிக்கட்டி நேராகக் கீழே போய், சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தது.

"போலாமா?" என்று சேவியர் இரண்டு படி இறங்கினான். அமலோற்பவம் அடுத்த படியில் காலை வைத்தாள். கால் படிக்கு எட்டவில்லை. ஒரு விரற்கடை அந்தரத்தில் நின்றது. அவள் இறங்காமல் இல்லை. அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் அது மேல விழுந்துட்டிருக்கேன் போல" என்றாள்.

சேவியர் அவள் காலையும் படியையும் பார்த்தான். "சரி, கைப்பையைக் குடு" என்றான்.

பனிக்கட்டியை அங்கேயே விட்டால் அவள் அந்த வாசலிலேயே இறங்க வேண்டியிருக்கும். அதனால் சேவியர் ஒரு மீன்பாடி வண்டி பிடித்து, மரத்தூள் கொட்டிச் சாக்கு போர்த்தி, அதை வீட்டுக்குக் கொண்டு போய் மொட்டை மாடியில் இறக்கினான். அவள் ஜன்னல் வழியாக வெளியே வந்து, வண்டிக்கு மேலே, ஆறு மாடி உயரத்தில் வீட்டுக்குப் போனாள். வழியில் காற்று நன்றாக இருந்தது.

இரண்டு மாதம் அவள் மேலே இருந்தாள். பக்கத்து அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பால்கனி வழியாகச் சாப்பாடு கொடுத்தார்கள். ஒவ்வொரு மாடியாகக் கடக்கும்போது ஒவ்வொரு வீட்டுக் குழம்பு. சாயங்காலங்களில் சேவியர் மொட்டை மாடியில் நின்று போனில் பேசுவான். அவள் பார்த்ததையெல்லாம் சொல்வாள். "பஸ் கூரை மேல ஒத்தச் செருப்பா எவ்வளவு கிடக்கு தெரியுமா? நாலஞ்சு பஸ்லயும் இடது கால்தான்." ஹமீது பாய் கடைப் பலகைக்கு மேலே இன்னொரு பலகை படுத்துக் கிடக்கிறது, அதில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருக்கிறது என்றும் சொன்னாள். ஹமீது பாய் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, ஏணியை உள்ளே வைத்துப் பூட்டினாராம்.

"பயமா இருக்கா அமலா?" என்று ஒருநாள் கேட்டான்.

"எனக்கில்ல. அதுக்குத்தான் இருக்கும்."

விழுவதை நிறுத்திவிட்ட பனிக்கட்டி உருகும். மொட்டை மாடியில் ஓடியது போக, மிச்சத்தைச் சேவியர் அண்டாவில் பிடித்தான். அண்டாவிலிருந்து குடத்துக்கு வந்தது. பங்குனி வெயிலில் அது ஒரு சொம்புத் தண்ணீராயிற்று. மாடி நடுவில் முக்காலி போட்டுச் சொம்பை வைத்து, தட்டால் மூடி, அதைச் சுற்றி மெத்தை விரித்து வைத்தான்.

அன்று பள்ளியில் விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை. வெயிலில் பிள்ளைகளை அணிவகுக்க வைத்துவிட்டு, நாக்கு வறண்டு வந்தவன் நேராக மாடியேறினான். பேசிக்கொண்டே தட்டை எடுத்தான். பேசிக்கொண்டே சொம்பைத் தூக்கிக் குடித்து முடித்தான்.

மேலே அமலோற்பவம் பேச்சை நிறுத்தினாள். சேவியர் வெறும் சொம்பைப் பார்த்தான். ஒரு அடி வலது பக்கம் நகர்ந்தான். அவளும் நகர்ந்தாள்.

மறுநாள் அவன் பள்ளிக்கூடம் போனபோது ரோட்டில் ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவள் அவன் தலைக்கு ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடவே வந்தாள். அவன் உச்சியில் வழுக்கை தொடங்கியிருப்பதை அவள்தான் முதலில் பார்த்தாள். அதை அவனிடம் சொன்னாள். அவன் போட எடுத்த தொப்பியைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டான்.

தலைமையாசிரியை மதர் பிரிஜித் அறைக்குள் அவள் வர முடியாததால், அவன் வராந்தாவுக்கு வெளியே வெயிலில் நின்றே கேட்டான்.

"மதர், வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும்."

"அன்னைக்குத்தானே விளையாட்டு விழா?"

"வீட்டுக்காரி அன்னைக்குத்தான் விழுறா மதர்."

மதர் பிரிஜித் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அவன் தலைக்கு மேலே பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். அமலோற்பவமும் கை குவித்து ஸ்தோத்திரம் சொன்னாள்.

"லீவு எதுக்கு? மைதானத்துலயே விழட்டும். ஓட்டப் பந்தயம் முடிஞ்சு, பரிசு கொடுக்கிறதுக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டு, மதர் பியூனைக் கூப்பிட்டு, நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு வைக்கச் சொன்னார்.