ஜெயந்தினியின் இருபது அடிக் குடல்

உக்குவளையில் தரம் ஐந்துக்குப் படிப்பிக்கும் ஜெயந்தினிக்குச் சீலியாக் நோய். கோதுமை ஒரு துணுக்கு உள்ளே போனாலும் சிறுகுடல் புண்ணாகிவிடும். இது தெரியவரும் வரை ஒன்பது வருஷம் வாய்வுக்கு மருந்து குடித்தவள் அவள். விரல்நுனி இரத்தத்திலேயே இந்த நோயைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, அதற்குப் பணம் சேர்க்க மாத்தளையில் நடைபவனி என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெறும் உண்டியலைக் குலுக்கினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சிறுகுடலாகவே வேஷம் கட்டுவது என்று முடிவெடுத்தாள்.

அளவைக் கேட்டதும் தையல்காரர் பஸீர் நானா டேப்பைக் கீழே போட்டார்.

"இருபது அடியா? மனிசன்ட வயித்துக்குள்ள இவ்வளவும் ஈக்கிதா மிஸ்?"

"உங்க வயித்துலயும் இருக்குங்க நானா."

அவர் தன் வயிற்றைச் சந்தேகத்தோடு தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் ரோஸ் நிறச் சாட்டினில் பஞ்சடைத்து, கல்யாணப் பெண்ணுக்குத் தைப்பதுபோல் அக்கறையாகத் தைத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை ஜெயந்தினி குடலின் ஒரு நுனியை இடுப்பில் இறுகக் கட்டி, மீதியைத் தோளில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர் உதயராஜ் மேலும் கீழும் பார்த்தான்.

"எத்தன டிக்கட்டுங்க?"

"ஒண்ணுதான். இது என்னோட குடலு."

உதயராஜ் ஒரு டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

கூட்டம் ஏற ஏறச் சுற்று அவிழ்ந்தது. வால் நெளிந்து நெளிந்து பின்சீட்டுவரை போய், யாரோ வைத்த முட்டைக்கோவா மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இது தெரியாமல் அவள் மாத்தளையில் முன்கதவால் இறங்கினாள். உதயராஜ் "ரைட்!" என்றான். பஸ் நகர்ந்தது. ஜெயந்தினியும் நகர்ந்தாள். பிறகு ஓடினாள்.

"ஐயோ, என் குடலு! நிப்பாட்டுங்க, என் குடலு போகுது!"

பழக்கடை மஹ்ரூப் "யா அல்லாஹ்!" என்று வாழைக்குலைமேலேயே உட்கார்ந்துவிட்டார். ஓர் அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கால் பார்த்தாள். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்கள். அவள் இருபது எட்டு வைப்பதற்குள் பஸ் நின்றது. பயணிகள் குடலைக் கைமாற்றிக் கைமாற்றி, ஜன்னல் வழியாகப் பக்குவமாக வெளியே இறக்கினார்கள்.

ஆம்புலன்ஸ்காரர் ஓடிவந்தார்.

"நோயாளி யாருங்க?"

"நான்தான்," என்றாள் ஜெயந்தினி, மூச்சிரைக்க. பொய் சொல்ல அவளுக்கு வராது. "பல வருஷமா."

அங்கேயே, பஸ் ஸ்டாண்டின் நடுவில், நோயையும் ஆராய்ச்சியையும் சொல்லத் தொடங்கினாள். இத்தனை பேர் வாய்மூடிக் கேட்கும் வகுப்பு அவளுக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. உயிர்ப்பலி இல்லை என்ற நிம்மதியில் மஹ்ரூப் முதல் நோட்டைப் போட்டார். ஆம்புலன்ஸ்காரரும் போட்டார். நடைபவனிக்கு அவள் போய்ச் சேர்வதற்குள்ளேயே உண்டியல் நிறைந்துவிட்டது.

மறுவாரம், அன்று அதே பஸ்ஸில் வந்த மரக்கறி விற்கும் பேச்சியம்மா தன் மகளோடு பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றாள்.

"இவளுக்கும் கோதும பாண் தின்னா வயிறு ஊதுதுங்க மிஸ். அன்னைக்கு உங்களுது மாதிரி வெளிய எடுத்துப் பாக்கணுங்களா?"

எடுக்காமலே பார்க்கலாம் என்று சொல்லி, ஜெயந்தினி அரைநாள் லீவு போட்டு இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.